கிண்ணத்தில் போட்ட முடி

எங்கள் சமையலறை ஜன்னல், சீப்புவின் கடைக்கு நேர் எதிரே ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. நான் கேட்டு வைத்ததில்லை. வீட்டைக் கட்டினவர்கள் அங்கே வைத்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியும் அதன் கீழேயே அமைந்துவிட்டது. கை வேலை செய்யும்போது கண் சும்மா இருக்குமா? பார்க்கிறேன். இதற்குப் போய் இந்தத் தெருவில் எனக்கு என்னென்னவோ பட்டம்.

சீப்பு என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கொண்டையில் எந்நேரமும் ஒரு வால் சீப்பைச் செருகிக்கொண்டு திரிவாள். கடையைப் பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போகும்போதும் அது அங்கேயே இருக்கும். பெண்களுக்கு முடி வெட்டுவது, சாயம் போடுவது, சுருட்டுவது, சுருட்டினதை நீட்டுவது என்று இருபத்து நான்கு வருஷமாக அதே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் நிற்கிறாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நிற்கிறாள். அந்தக் கடையில் மூன்று நாற்காலி உண்டு, மூன்றும் வருகிறவர்களுக்கு. அவள் சாப்பிடுவதுகூடக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டுதான். ஒரு கவளம், அப்புறம் ஒரு தலை, அப்புறம் இன்னொரு கவளம்.

போன வருஷம் அவள் கால் பேச ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் மண்புழு மாதிரிப் புடைத்துக்கொண்டு, நீலமாக. மதியம் ஆளில்லாத நேரத்தில் கதவை ஒருக்களித்துவிட்டு, காலைச் சுவரில் தூக்கி வைத்துத் தரையில் படுத்துக்கொள்வாள். ஒருக்களித்த கதவு மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்குக் கதவே இல்லை. டாக்டர் அவளிடம், "இதுவரைக்கும் நின்னது போதும்மா, இனி உக்காந்து செய்யற வேலையா பாரு" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள்.

தெரிந்ததை நான் இஸ்திரிக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். அக்கறையில் சொன்னது. "பாவம்ணே, கடையையே மூடிடுவா போலிருக்கு" என்றேன். அவர் துணி வாங்க வந்த எல்லோரிடமும் சொன்னார். அவருக்கும் அக்கறை. ஒரு மாசத்தில், சீப்பு கடை மூடப்போகிறாள் என்று தெருவில் பாதிப் பேர் முனையில் இருக்கும் புதுக் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். சீப்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்களின் கடிதம் வந்தது.

ஷாம்பு, சாயம், ஸ்பிரே எல்லாம் செய்கிற ஒரு கம்பெனி. முடி வேலை கற்றுத்தர ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். அதில் ஒரு கூடம் திறக்கப் போகிறார்களாம். அந்தக் காலத்திலிருந்து இந்தக் காலம் வரைக்கும் முடிக்கு என்னென்ன சாமான், என்னென்ன மருந்து என்று வரிசையாக வைத்துக் காட்டுவதற்கு. அதற்குச் சாமான் வேண்டும். சாமானைப் பற்றிச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். மேஜை உண்டு, நாற்காலி உண்டு. உட்கார்ந்துகொண்டே சொல்லலாம்.

சீப்புவிடம் சாமான் இருந்தது. கடையின் பின் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய. பழைய இரும்புக் கடைகளில் தேடினது, கடை மூடினவர்கள் தூக்கிப் போட்டது, யாரோ பாட்டில் வேண்டாமென்று விட்டுப் போனது. ஆசையாகச் சேர்த்தாள் என்று நினைத்தால் அது தப்பு. "ஏண்டி இந்தக் குப்பையெல்லாம்?" என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "என் காலு இப்படி ஆனதுக்கு யார் யார் காரணம்னு ஒரு கணக்கு வேணும்லக்கா" என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்கவும் அலுப்பு.

கம்பெனி மேடம் ஒரு வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள். வந்து சாமானைப் பார்ப்பாள். கூடவே ஒரு செய்முறையும் காட்ட வேண்டும். ஒரே தலையில் இடது பக்கம் பழைய முறை, அதாவது கரியில் சூடு பண்ணின இடுக்கியால் சுருட்டுவது. வலது பக்கம் கம்பெனியின் புதுச் சாயம். அந்தச் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பெராக்ஸைடு போட்டு முடியின் கருப்பை எடுக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு நிபந்தனை: இதுவரை சாயமோ மருந்தோ படாத தலையாக இருக்க வேண்டும்.

சீப்பு தன் நாத்தனார் மகளின் தலையைத்தான் நினைத்து வைத்திருந்தாள். நாத்தனார் அந்தக் கடையிலேயே தலை கழுவிவிடும் வேலை செய்கிறவள்; வாய் கொஞ்சம் அகலம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மகள் வந்து நின்றாள். முடி ஈர்க்குச்சி மாதிரி நேராக இருந்தது. தோழி கல்யாணத்துக்காக முனைக் கடையில் போய் மருந்து போட்டு நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! மாமி கடை இருக்க, அங்க போய் நீட்டினியா?" என்று நாத்தனார் கத்தினது எனக்கு ஜன்னலைத் திறக்காமலே கேட்டது. நான் திறந்துகொண்டேன்.

"மாமிதான் கடையை மூடப்போறாங்கன்னு சொன்னாங்களே" என்றாள் அந்தப் பெண்.

"யாரு சொன்னா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலை மூடலாமா என்று யோசிப்பதற்குள் நாத்தனாரும் நிமிர்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"ஏ, எதுக்கு வெளிய தேடறோம்? அக்கா இருக்காங்களே! அறுபத்தி ரெண்டு வயசுல ஒரு நரை உண்டா? எண்ணெயைத் தவிர ஒண்ணும் பட்டதில்லைன்னு அவங்களே ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க!"

ஆயிரம் என்பது கூடுதல். ஐந்நூறு இருக்கலாம்.

இங்கே ஒன்றை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் வீட்டில் கைப்பிடி உடைந்த ஒரு குக்கர் இருக்கிறது. அதற்குள் ஒரு பாட்டில். மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக் கடையில் வாங்குவது. தண்ணீர் மாதிரி இருக்கும். தினமும் காலையில் கொஞ்சம் பஞ்சில் நனைத்துத் தடவினால், நரை ஒரே நாளில் இல்லாமல், யாரும் சந்தேகப்படாதபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். "உங்கள் ரகசியம் உங்களோடு" என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. இரண்டு வருஷமாகத் தடவுகிறேன். ஒரே தொல்லை, அழுகின முட்டை மாதிரி லேசாக ஒரு வாடை. எங்கள் வீட்டுக்காரருக்கு வழுக்கை. தலைக்கு எதுவும் போடுகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றாது. வாடை வந்தால் கேஸ் கசிகிறது என்று ஆள் கூட்டிவருவார். இரண்டு தடவை வந்து டியூப் மாற்றிவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டு வருஷமாக நான் சீப்புவிடம் தலையைக் காட்டவில்லை. நுனி வெட்டக்கூடப் போகவில்லை. "உன் காலுக்கு எதுக்குடி சிரமம், நானே வெட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை மாதிரி இருக்கட்டும் என்று.

இப்போது தெருவே என்னைப் பார்த்தது. இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். "எனக்குக் கழுத்து வலி" என்று ஆரம்பித்தேன். சீப்பு வாசலுக்கு வந்தாள். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"வர்றீங்களாக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். கடை மூடப்போகிறாள் என்று நான் சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை. வேறு எதையாவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

"வர்றேன்டி, அதுக்கென்ன" என்றது என் வாய்.

"தலைக்கு ஏதாவது போட்டிருக்கீங்களா? மருதாணி, சாயம், மருந்து... எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்கக்கா."

"எண்ணெய்டி. வெறும் எண்ணெய்."

ஒரு பக்கத்து முடிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை காலையில் பாட்டிலைத் தொடவில்லை. ஒரு நாள் விட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல.

கம்பெனி மேடம் வயதில் சின்னவள், தூக்கம் கெட்டதில் மூத்தவள். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. அன்றைக்கு அவள் பார்க்கிற மூன்றாவது கடையாம், நாலு மணிக்கு நாலாவது. ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்து நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு. எங்கள் வீட்டுக்காரரும் வந்து வாசலில் நின்றார். மனைவியின் தலைக்கு மரியாதை கிடைக்கிற நாள் என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இஸ்திரிக்காரர் ஒரு சட்டி நிறையக் கங்கு கொண்டுவந்தார். சீப்பு அலமாரியிலிருந்து மரக் கைப்பிடி போட்ட இரும்பு இடுக்கியை எடுத்துக் கங்கில் செருகினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து ஒரு காகிதத் துண்டைக் கவ்வினாள். காகிதம் பழுப்பானது.

"இன்னும் ஆறணும்" என்றாள்.

"தெர்மாமீட்டர் இல்லையா அந்தக் காலத்தில?" என்றாள் மேடம்.

"காகிதம்தான் மேடம். காகிதம் கருகினா முடியும் கருகும்."

இரண்டாவது காகிதம் வெள்ளையாகவே இருந்தது. என் இடது பக்கத்தில் முதல் கொத்தை எடுத்துச் சுற்றினாள். சூடு ஏறினதும் மெதுவாக அந்த வாடை கிளம்பியது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிச் சுவரோரம் கேஸ் அடுப்பைத் தேடினார். சீப்புவின் கை ஒரு விநாடி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி சுற்றினாள். எட்டுச் சுருள். அழகாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் மட்டும் பெரிய இடத்துப் பெண் மாதிரி.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு. சரி, அடுத்த பக்கம்."

சீப்பு என் காதுக்குப் பின்னால், அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சின்னக் கொத்தைப் பிரித்தாள். கத்தரி சத்தம் கேட்டது.

"எதுக்கு வெட்றீங்க?" என்றாள் மேடம்.

"ஒரு சோதனை மேடம். கிண்ணத்தில போட்டுப் பாத்துட்டுத் தலையில போடலாம்."

"இயற்கை முடிதானே? நேரா போட்டுடுங்கம்மா. நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

"அரை மணி நேரம்தான் மேடம்."

"அரை மணி நேரம் எனக்கு இல்லையே."

சீப்பு வாதம் பண்ணவில்லை. அவள் கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் பெராக்ஸைடு ஊற்றி, சில சொட்டு அமோனியா விட்டு, நூலால் கட்டின என் முடிக் கொத்தை அதில் போட்டாள். அதைச் சாமான் மேஜையின் நடுவில் வைத்தாள்.

அரை மணி நேரம் தேவைப்படவில்லை. இரண்டு நிமிஷத்தில் கிண்ணம் நுரைத்தது. அடுப்பில் வைத்த மாதிரிக் கொதித்தது. கொத்து நெளிந்தது, நாற்றம் கிளம்பியது. நாத்தனார் கிண்ணத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "ஐயோ, சுடுது!"

மேடம் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "என்ன இது?"

வாசலில் இஸ்திரிக்காரர் கழுத்தை நீட்டினார். நான் கண்ணாடியில் சீப்புவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை ஒரு துணியால் பிடித்து எடுத்துத் தொட்டியில் கொட்டினாள்.

"பெராக்ஸைடு பழசு மேடம். கெட்டுப்போயிருக்கு. நான் தேதி பாக்கல" என்றாள். "என் தப்புதான்."

குரலில் ஒன்றுமே இல்லை. கடையில் கடைசியாக எழுந்து போகிறவளிடம் "கதவை இழுத்து மூடிட்டுப் போங்க" என்று சொல்கிற குரல்.

மேடம் பெருமூச்சு விட்டு நோட்டைப் பிரித்தாள். எழுதினாள். எனக்கு ஒரு திறமை உண்டு: எழுத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் படிப்பேன், தலைகீழாக இருந்தாலும். இந்தத் தெருவில் எத்தனையோ கடிதத்தை அப்படிப் படித்திருக்கிறேன். அன்றைக்கும் படித்தேன். 'கெட்டுப்போன பொருளைப் பயன்படுத்துகிறார். கவனக் குறைவு. இந்த வேலைக்குப்' என்று எழுதி, அடுத்த வார்த்தைக்குப் பேனாவைத் தூக்கியிருந்தாள்.

அது என்ன வார்த்தை என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

இருபத்து நான்கு வருஷமாக எனக்கு வாய் மூடாது என்று சொல்கிற தெரு இது. அந்த ஒரு நிமிஷம் என் வாய் மூடித்தான் இருந்தது, கடவுள் சாட்சியாக. ஐந்நூறு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. இஸ்திரிக்காரர் வாசலில். நாத்தனார் பக்கத்தில். எங்கள் வீட்டுக்காரர் புதுச் சட்டையில். அப்புறம் சீப்புவின் கால் தெரிந்தது. வலது காலை இடது காலின் மேல் ஏற்றி வைத்து, கொக்கு மாதிரி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டில் பழசில்லை" என்றேன்.

மேடம் திரும்பினாள்.

"புதுசு. காலையில ஒன்பதே காலுக்கு அவ சீல் உடைச்சா. ஜன்னல்ல இருந்து நான் பாத்தேன். மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தா, வராம அப்புறம் கத்தரியால குத்தினா. வேணும்னா குப்பைக் கூடையில பாருங்க, சீல் கிடக்கும்."

"அக்கா, சும்மா இருங்க" என்றாள் சீப்பு.

"நீ சும்மா இருடி. மேடம், தப்பு தலையிலதான். நான் ரெண்டு வருஷமா மருந்து தடவறேன். நரைக்கு."

வாசலில் ஒரு சத்தம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர்.

"அப்போ அது கேஸ் இல்லையா?"

இஸ்திரிக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் நாத்தனார். அப்புறம் வெளியே யார் யாரோ. அத்தனை பேர் எப்போது கூடினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போன முதல் விஷயம் அது.

"அண்ணே, ரெண்டு டியூப் மாத்தினீங்களே!" என்று இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அறுபத்தி ரெண்டுல ஒரு நரை இல்லை!" என்றாள் நாத்தனார். "எண்ணெய்தான்! வெறும் எண்ணெய்!"

நான் வெள்ளைத் துணியோடு, ஒரு பக்கம் எட்டுச் சுருளோடு, தெருவைக் கடந்து மாடி ஏறி, குக்கரைத் திறந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் வழி விடாமல் இல்லை. நன்றாகவே விட்டார்கள், பார்ப்பதற்கு வசதியாக.

சீப்பு பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து மோந்தாள். அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். நீலக் கண்ணாடி, மேலே நீண்ட கூந்தலோடு ஒரு பெண் படம், பாதி உரிந்தது. இரண்டையும் மேடம் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். இது எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடி உள்ளது, இது போன மாசம். உலோக உப்பு. முடி மேல ஒரு தகடு மாதிரி படிஞ்சுக்கிட்டே வரும். எத்தனை வருஷம் தடவினாலும் ஒண்ணும் ஆகாது, பெராக்ஸைடு படற வரைக்கும். பட்டா கொதிக்கும். தலையில வெச்சே கொதிக்கும்."

"நேரா போட்டிருந்தா?"

"முடி கையோட வந்திருக்கும். தோலும் வெந்திருக்கும்."

நான் வலது பக்கத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

மேடம் இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இடுக்கியை வெச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"வாடை வந்துச்சே மேடம்."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

சீப்பு தோளைத் தூக்கினாள். "நாற்காலியில உக்கார்றவங்க தலையைப் பத்தி வெளிய சொல்றதில்லை. இவங்க தலைன்னு இல்லை, யார் தலையா இருந்தாலும்."

இதை அவள் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் வெறுமனே சொன்னாள்.

மேடம் அலமாரிப் பக்கம் போனாள். மேலிருந்து பத்துப் பன்னிரண்டு வயர் தொங்குகிற ஒரு கம்பத்தைக் காட்டினாள். "இது என்ன?"

"கரண்டு வெச்சு சுருட்டற மிஷின். ஒவ்வொரு வயர் நுனியிலயும் ஒரு கிடுக்கி. எல்லாத்தையும் மாட்டிட்டா அந்தப் பொம்பளையால எழுந்திரிக்கவே முடியாது. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம். அவ உக்காந்திருப்பா. எவளோ ஒருத்தி அவ பக்கத்திலயே நிக்கணும். எங்கயாவது சுட்டா விசிறணும்ல."

"இது?"

"இந்தத் தொப்பி டிரையர் ஒண்ணுதான் மேடம் நல்ல சாமான். தலையில கவுத்துட்டா நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷம் நாம போய் உக்காரலாம். இதைக் கண்டுபிடிச்சவங்களை நான் தினமும் நினைச்சுக்குவேன். அப்புறம் இந்தக் கை டிரையர் வந்துச்சு. இரும்பு, தூக்கிப் பாருங்க, ரெண்டு செங்கல் கனம். சின்னதா, சீக்கிரமா, வசதியான்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் தூசி உறிஞ்சுகிற மிஷினின் பின்பக்கக் குழாயில் முடி காயவைத்த கதை. முடியில் அடிக்கிற பிசின் ஸ்பிரே வந்தபோது ஒரு வாரம் தலை கலையாது என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்த கதை. ஷாம்பு என்று ஒன்று வந்து, தினமும் தலை கழுவலாம் என்று விளம்பரம் வந்து, அந்த ஓய்வும் போன கதை. "அதுல எங்க நாத்தனாருக்கு வேலை கிடைச்சுது" என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரே அளவுதான் இருந்தது: இது வந்த பிறகு ஒருத்தி எவ்வளவு நேரம் நின்றாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பஸ் வருகிற நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மேடம் நாலு மணியை மறந்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். நோட்டில் அந்தப் பழைய வரி அடிக்கப்பட்டிருந்தது, அதற்குக் கீழே பக்கம் நிறைந்துகொண்டிருந்தது. எழுதிக்கொண்டே மேடம் தன் செருப்பைக் கழற்றி ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்தாள். அவளும் ஆரம்பத்தில் எங்கோ நின்றவள்தான் போலிருக்கிறது.

"நீங்க உக்காருங்களேன்" என்றாள் சீப்புவிடம்.

"அக்கா தலை பாதியில நிக்குது மேடம்" என்றாள் சீப்பு.

கடிதம் இருபது நாள் கழித்து வந்தது. தபால்காரர் சீப்புவிடம் கொடுப்பதற்கு முன்னால் உறையின் தடிமனை நான் மேலேயிருந்து பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு காகிதம் ஆகாது. வாரத்தில் நாலு நாள் அந்தக் கூடத்தில். மேஜை, முதுகு சாய்கிற நாற்காலி. மீதி இரண்டு நாள் கடையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அவளுக்கு இஷ்டமிருந்தால். மொத்தமாக விடுதலை என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் நின்றாலும் நிற்பதுதானே.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தெரு என்னிடம் வந்து சொன்னது, இஸ்திரிக்காரர் மூலமாக. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் தெருவுக்கு என்னைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை. மருந்தை நிறுத்தினதில் உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை முளைத்துவிட்டது, கோடு போட்ட மாதிரி. தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தினமும் ஒரு தடவை அடுப்பை மோந்து பார்த்துவிட்டு, "வாடை இல்லை" என்று நிம்மதியாகச் சொல்கிறார். அவர் இன்னும் அதை நம்புகிறாரா, கேலி செய்கிறாரா என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

அலமாரியை வண்டியில் ஏற்றின மறுநாள் காலையில் நான் தெருவைக் கடந்து போனேன். கடை வெறிச்சென்று இருந்தது. பின் சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் வேறு நிறம்.

"வெட்டிவிடுடி" என்றேன். "மருந்து பட்டதெல்லாம் போகட்டும்."

"ரொம்பக் குட்டையா போயிடும்க்கா. முழு வெள்ளை."

"போகட்டும். எப்படியும் எல்லாரும் பாத்தாச்சு."

நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் துணியைக் கட்டினாள், கொண்டையிலிருந்து சீப்பை உருவினாள். அப்புறம் அந்தக் கடையில் நான் இருபத்து நான்கு வருஷமாகப் பார்க்காத ஒன்றைச் செய்தாள். தலை கழுவும் இடத்திலிருந்து ஒரு உயரமான முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, என் பின்னால் போட்டு, "அப்பா" என்று மூச்சு விட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்துகொண்டு வெட்டினால் பின்பக்கம் கோணும். அது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? முதல் கொத்து விழுந்தது. அடுத்தது. கழுத்தில் கத்தரி ஒரு பக்கமாகத்தான் சாய்ந்து போனது.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கண்ணாடியில் அவள் கண் பாதி மூடியிருந்தது. கால் இரண்டும் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

மூடிக்கொண்டேன்.